நூற்றுப் பதினெட்டாம் பெயர்

சென்ற ஆண்டு ஆனி மாதம் தொடங்கி ஆடி அமாவாசையன்று முடிந்த விஷயம் இது. நடந்த இடம் கோவை கணபதியில் எங்கள் வீட்டு முன்னறை. பத்தடிக்குப் பன்னிரண்டடி. அதில் ஒரு மேசை, ஒரு நாற்காலி, ஒரு கம்ப்யூட்டர், நான். எனக்கு வயது எழுபத்து நான்கு.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், என்னால் எதையும் எண்ணாமல் இருக்க முடியாது. நூற்பாலை ஒன்றின் தரச் சோதனைக் கூடத்தில் முப்பத்தொரு வருடம் இருந்தவன். சின்னப் பூதக்கண்ணாடி ஒன்றைத் துணிமேல் வைத்து, ஓர் அங்குலத்தில் எத்தனை இழை என்று எண்ணுவதுதான் பிழைப்பு. ஆலை மூடிப் பல வருடம் ஆகியும் அந்தக் கண்ணாடி மட்டும் சட்டைப் பையைவிட்டுப் போகவில்லை. மாடிப்படி, மாத்திரை, பஸ்ஸில் நிற்பவர்கள் என்று எதையாவது எண்ணிக்கொண்டே இருப்பேன். கணக்குச் சரியாக வந்தால்தான் மூச்சுச் சீராகும்.

எங்கள் ஆலையின் பழைய தொழிலாளர்கள் வருடத்துக்கு ஒருமுறை கூடுவோம். பெயர்ப்பட்டியல் என் பொறுப்பு. மொத்தம் 214 பேர். இறந்துபோனவர்களின் பெயருக்கு முன்னால் 'அமரர்' என்று சேர்க்க வேண்டும். கூட்டத்தில் அந்தப் பெயர்களை மட்டும் ஒவ்வொன்றாக வாசிப்போம், எல்லோரும் எழுந்து நிற்போம். சென்ற ஆண்டு அப்படி 61 பெயர்கள். என் மனைவியும் அதே ஆலையில் நூல் சுற்றும் பிரிவில் வேலை பார்த்தவள். அவள் பெயர் 118-ஆம் வரியில். என் பெயர் அதற்கு அடுத்தது.

ஆனி பிறந்தபோது திரையில் எழுத்துகள் மங்கலாகத் தெரிவதைக் கவனித்தேன். ஓரமெல்லாம் பஞ்சு ஒட்டியது போல. கண்தான் போய்விட்டது என்று பயந்து கண் மருத்துவரிடம் ஓடினேன். இரண்டு கண்ணும் ஏற்கெனவே ஆபரேஷன் ஆனவை. பலகையில் கடைசி வரிசைவரை ஒரு தப்பில்லாமல் வாசித்தேன். "உங்க கண்ணுக்கு ஒண்ணும் இல்லீங்க, உங்க கம்ப்யூட்டருக்குக் கண்ணாடி போடுங்க" என்று சிரித்து அனுப்பிவிட்டார்.

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமைதான் முதல் தடவை அது நடந்தது. மனைவி சோமனூரில் அவள் தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள். எங்கள் வீட்டை ஒட்டி ஒரு லேத் பட்டறை உண்டு. ஞாயிறு என்பதால் அதுவும் பூட்டியிருந்தது. மத்தியானம் மூன்று மணி. மின்விசிறியைத் தவிர ஒரு சத்தம் இல்லை. போன வருடத்தில் இறந்தவர்களுக்கு 'அமரர்' சேர்த்துக்கொண்டிருந்தேன். ஐந்தாவது பெயரில் இருந்தபோது திரையில் இருந்த எழுத்தெல்லாம் ஒன்றாக நடுங்கின. குளிரில் நிற்பவர்கள் நடுங்குவார்களே, அதுபோல. ஒவ்வொரு எழுத்தின் வலப்பக்கத்திலும் அதன் நிழல் ஒன்று எட்டிப் பார்த்தது. ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் இன்னொரு பெயர் நிற்கிறது என்று தோன்றியது. இருபது வரை எண்ணினேன். நின்றுவிட்டது.

எழுந்து போய் வாசல் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம் மனைவி வந்ததும், "ஏனுங்க, தெருவுல போற நாயெல்லாம் உள்ள வரட்டும்னா கதவைத் தொறந்து போட்டிருக்கீங்க?" என்றாள். எழுந்து கதவைச் சாத்தினேன்.

பெங்களூரில் இருக்கும் மகன் போனில் ஏதேதோ அழுத்தச் சொன்னான். எழுத்து இன்னும் மோசமானது. கடைசியில், தெரிந்த ஒருவர் சொல்லி, வீட்டுக்கே வந்து கம்ப்யூட்டர் சரிபார்க்கும் ஒரு பெண்மணியை அழைத்தேன். போத்தனூரிலிருந்து ஸ்கூட்டரில் வருவார். நாற்பத்தைந்து வயது இருக்கும். அவர் கணவர் கோட்டைமேட்டில் மோட்டார்களுக்குக் கம்பிச் சுருள், அதாவது காயில், கட்டுபவராம். வந்தவர் திரையைப் பார்த்தார், எதையோ திறந்தார், என்னைப் பார்த்தார்.

"சார், எழுத்துப் பெருசா தெரியட்டும்னு இதை யாரு மாத்தினது?"

"நான்தான் அம்மணி."

"ஸ்கிரீன்ல குறுக்கால ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபது புள்ளி இருக்குதுங்க. நீங்க ஆயிரத்து முந்நூத்து அறுபத்தாறுதான் வேணும்னு சொல்லி வெச்சிருக்கீங்க. ஒரு புள்ளிய ஒன்றரைப் புள்ளியாக் காட்டுன்னா அது பாவம், என்னங்க பண்ணும்? பூசி மெழுகுது."

புள்ளிகளின் எண்ணிக்கையை அதன் சொந்தக் கணக்குக்கே மாற்றிவிட்டு, எழுத்தின் அளவை மட்டும் தனியாகக் கூட்டி வைத்தார். திரை பளிச்சென்று ஆனது. நான் என் பூதக்கண்ணாடியை எடுத்துத் திரையில் வைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு எழுத்தும் கத்தரித்து ஒட்டியது போல நின்றது.

"இதென்னங்க சார், கம்ப்யூட்டரா, தறியா?" என்று சிரித்தார்.

நடுக்கத்தைப் பற்றிச் சொன்னேன். அவர் இருந்த ஒரு மணி நேரமும் எழுத்து அசையவே இல்லை. கம்ப்யூட்டரிலிருந்து திரைக்குப் போகும் கேபிளை அசைத்துப் பார்த்தார், கழற்றி மாட்டினார். பழைய வகைக் கேபிள், ஆனால் பழுது இல்லை என்றார். கம்ப்யூட்டர் ஒரு சுவரிலும் திரை எதிர்ச் சுவரிலும் தனித்தனிப் பிளக்கில் இருப்பதையும் பார்த்தார். "எப்ப நடுங்குதோ அந்தக் கிழமை, நேரம் எழுதி வைங்க சார். அப்புறம் கூப்பிடுங்க" என்று சொல்லிப் போனார்.

எழுதி வை என்று யாராவது சொன்னால் எனக்கு வேறென்ன வேண்டும்? அன்றே ஒரு நோட்டு வாங்கிக் கோடு போட்டேன். முதல் வரியில் அந்த ஞாயிறைப் பதிந்தேன். அதற்கப்புறம் வந்ததெல்லாம் செவ்வாயும் வெள்ளியும்தான். காலை பத்திலிருந்து பதினொன்றுக்குள். சில நாள் இருபது நிமிடம், சில நாள் முப்பத்தைந்து. ஐந்து வாரத்தில் பத்துப் பதிவுகள். வேறு கிழமையில் ஒன்றுகூட இல்லை.

செவ்வாய், வெள்ளி. நீங்களே யோசித்துப் பாருங்கள், அந்தக் கிழமைகளைப் பார்த்ததும் எனக்கு என்னென்ன தோன்றியிருக்கும் என்று. எனக்கு இந்த மாதிரி விஷயங்களில் நம்பிக்கை கிடையாது. சோதனைக்கூடத்தில் இருந்தவன். ஆனாலும் பத்து மணி நெருங்கும்போது கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். சரியாக நடுங்க ஆரம்பிக்கும். யாரோ பின்னால் நின்று என் நாற்காலியைப் பிடித்துக்கொண்டிருப்பது போல இருக்கும். திரும்பிப் பார்த்தால் சுவர்தான்.

இதற்கிடையில் மனைவி கை மரத்துப்போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். விரலெல்லாம் சுருக்சுருக்கென்று குத்துகிறதாம். அவளுக்குப் பதினாறு வருடமாகச் சர்க்கரை. மருத்துவர், சர்க்கரையால் நரம்பு பலவீனம் என்று சத்து மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார். நானும் அதோடு விட்டுவிட்டேன். ஒருநாள் நோட்டில் நேரம் குறித்துக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து நின்றாள்.

"எழுத்து நடுங்கினா நோட்டுப் போட்டு எழுதறீங்க. எனக்குக் கை சுருக்குங்குதுன்னு ரெண்டு மாசமாச் சொல்றேன், அதுக்கு ஒரு நோட்டு இல்லீங்களா?"

வேடிக்கையாகத்தான் சொன்னாள். நானும் சிரித்தேன்.

ஐந்தாவது வாரத்து வெள்ளிக்கிழமை. பட்டியலைச் சரிபார்த்துக்கொண்டே கீழே இறங்கி வந்தேன். 116, 117. 117-ஆம் வரியில் இருந்தவர் போன கார்த்திகையில் இறந்துவிட்டார். அடுத்து 118, என் மனைவியின் பெயர். அந்த வரிக்கு வந்த அதே கணம் எழுத்து நடுங்கியது. முன்னெப்போதையும்விடப் பலமாக. வரிகள் அலை அலையாகச் சரிந்தன. மேல் வரியில் இருந்த 'அமரர்' என்ற சொல் கீழே வழிந்து வந்து, என் மனைவியின் பெயருக்கு முன்னால் நின்றது. ஒரே ஒரு கணம். ஆனால் நான் அதை வாசித்துவிட்டேன்.

எழுந்த வேகத்தில் நாற்காலி விழுந்தது. பிளக்கையே பிடுங்கிவிட்டேன். அப்போது கம்ப்யூட்டர் பெட்டியின் மேல் என் கை பட்டு, சுருக்கென்று ஓர் எறும்புக் கடி. பதற்றத்தில் அதை நான் ஒரு பொருட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

இதை யாரிடம் சொல்வது? அவளிடமா? அதோடு கம்ப்யூட்டரைப் போடவில்லை. அன்றிலிருந்து அவளுடைய மாத்திரைகளை எண்ண ஆரம்பித்தேன். காலையில் மூன்று, இரவில் இரண்டு. படி இறங்கினால் கூடவே இறங்கினேன். கடைக்குப் போனால் பின்னாலேயே போனேன். "ஏனுங்க, புதுசாக் கல்யாணம் ஆனாப்புல என் முந்தானையப் புடிச்சுட்டே சுத்தறீங்க" என்று கேலி செய்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

செவ்வாய்க்கிழமை அந்தப் பெண்மணியைக் கூப்பிட்டேன். வியாழக்கிழமைதான் வர முடியும் என்றார். வியாழனில் வந்து என்ன பிரயோஜனம், செவ்வாயும் வெள்ளியும்தானே நடுங்கும் என்று சண்டை போட்டேன். "நோட்டை மட்டும் காட்டுங்க சார், போதும்" என்றார்.

அந்த வியாழன் ஆடி அமாவாசை.

காலை பத்து மணிக்கு வந்தார். லேத் பட்டறையின் இரைச்சலில் ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்கச் சத்தமாகப் பேச வேண்டியிருந்தது. கம்ப்யூட்டரைப் போட்டுவிட்டு, நோட்டை வாங்கி விரலால் வரிவரியாகத் தொட்டுக்கொண்டே வந்தார்.

"ஏனுங்க சார், செவ்வாய், வெள்ளி, பத்து மணிக்கு உங்க வீட்டுல வேற என்னங்க ஓடுது?"

இந்த வீட்டில் எத்தனை ஜன்னல் கம்பி இருக்கிறது என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, பதினான்கு அடி தள்ளி, என் மனைவி என்ன செய்துகொண்டிருப்பாள் என்று எனக்குத் தெரியவில்லை.

"ஒண்ணும் ஓடாது அம்மணி" என்று நான் சொல்லி முடிக்கவும், திரை நடுங்கவும் சரியாக இருந்தது.

வியாழக்கிழமை. என் கணக்கில் இல்லாத கிழமை. அந்தப் பெண்மணி திரையைப் பார்க்கவே இல்லை. புறங்கையைக் கம்ப்யூட்டர் பெட்டியில் லேசாக வைத்தார். வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். தலையைச் சாய்த்துக் காது கொடுத்தார். அப்போதுதான் எனக்கும் கேட்டது, பட்டறைச் சத்தத்துக்கு அடியில் கரகரவென்று கல் சுற்றும் சத்தம். முப்பது வருடமாகக் கேட்கிற சத்தம், காதுக்கு ஒரு சத்தமாகவே படுவதில்லை.

"அம்மா கிரைண்டர் போட்டிருக்காங்களா?"

"ஆமா, இன்னைக்கு அமாவாசை. படையலுக்கு வடைக்கு ஆட்டறா."

"கால்ல செருப்பு இருக்குதுங்களா?"

அந்தக் கேள்வி எனக்குப் புரியவில்லை, ஆனால் பதில் தெரிந்திருந்தது. குதிகால் வெடிப்புக்காக அவள் சமையலறையில் எப்போதும் ரப்பர் செருப்புப் போட்டிருப்பாள். படையல் சமைக்கிற நாளில் மட்டும் போடமாட்டாள். குளித்து, தரையைக் கழுவிவிட்டு, ஈரக்காலோடுதான் உள்ளே நுழைவாள். என் அப்பா அம்மாவுக்கு வைக்கிற இலை.

"இல்லை. இன்னைக்குப் போடமாட்டா."

"மெயின் எங்கீங்க?" என்று கேட்டவர் நான் கை காட்டுவதற்குள் ஓடிவிட்டார். நான் சமையலறைப் பக்கம் ஓடினேன். என் அறையிலிருந்து அங்கே பதினோரு எட்டு. எழுபத்து நான்கு வயதில் அன்று ஏழு எட்டில் போனேன். போகும்போது அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். கல்யாணமாகி நாற்பத்தெட்டு வருடத்தில் நான் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "தொடாதே!" என்று கத்தியது தெருவுக்கே கேட்டிருக்கும்.

வாசற்படியில் நின்று பார்த்தேன். தரை முழுக்க ஈரம். கழுவிய வெறுங்கால். கிரைண்டர் சுற்றுகிறது. உளுந்தைத் தள்ளிவிட, தண்ணீரில் நனைத்த வலது கை பாத்திரத்துக்கு ஒரு சாண் மேலே இருக்கிறது. நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில் திடுக்கிட்டு அப்படியே நின்றுவிட்டாள். அதற்குள் டப்பென்று வீடு முழுக்க அடங்கியது. கல் இரண்டு சுற்றுச் சுற்றி நின்றது.

"ஏனுங்க, கரண்ட் போயிருச்சு" என்றாள் சாதாரணமாக. பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்னாச்சுங்க? யாருக்கு என்னாச்சு?" என்று பதறினாள்.

அவளுடைய ஈரக் கையைப் பிடித்துக்கொண்டேன்.

பிறகு எங்கள் இருவரையும் வாசல் முற்றத்தில் உட்காரவைத்துவிட்டு, அந்தப் பெண்மணி மெயினைப் போட்டு, ரப்பர் செருப்போடு நின்று டெஸ்டரை வைத்துக் காட்டினார். கிரைண்டர் ஓடும்போது அதன் உடம்பில் வைத்தால் டெஸ்டர் எரிந்தது. ஃபிரிட்ஜ் கதவில் எரிந்தது. என் கம்ப்யூட்டர் பெட்டியிலும் எரிந்தது.

"கிரைண்டர் மோட்டாருக்குள்ள ஈரம் போய்க் கரண்ட் கசியுதுங்க. எர்த் நல்லா இருந்தா அது மண்ணுக்குள்ள போயிரும். உங்க வீட்டுல மண்ணுக்குப் போக வழியில்லாம, எர்த் வயர் புடிச்சு வீடு பூரா சுத்துது. அதுல கொஞ்சம் உங்க ஸ்கிரீன் கேபிள் வழியா எதிர்ச் சுவத்துக்குப் போகுது. அதாங்க எழுத்து நடுங்குது." மனைவியைப் பார்த்து, "கை சுருக்குங்குதுன்னு சொன்னீங்களா அம்மா? அது சக்கரை இல்லீங்க. செருப்பு இருந்ததால அவ்வளவோட விட்டிருக்குது" என்றார். "சார், எர்த் குழி எங்கீங்க இருக்குது?"

எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அதன் மேல்தான் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன்.

இரண்டு வருடத்துக்கு முன் முற்றத்துக்குச் சிமெண்ட் கல் பதித்தோம். கொத்தனார், "குழிக்கு வாய் விடணுங்க, தண்ணி ஊத்த வேணும். நாலு கல்லை வெட்ட வேண்டி வரும்" என்றார். நான் எண்ணிப் பார்த்தேன். குழியை மூடிவிட்டால் ஒரு கல்கூட வெட்டாமல் 1,140 முழுக் கற்கள் அச்சாக உட்காரும். அந்தக் கணக்கின் அழகு என் கண்ணை மறைத்துவிட்டது. மூடிவிடுங்கள் என்றேன். வேலை முடிந்ததும் மறுபடி எண்ணிப் பார்த்து, 1,140 என்று நோட்டில் எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

இதை அவர்களிடம் சொன்னேன். அந்தப் பெண்மணி தலையைக் குனிந்துகொண்டார். என் மனைவிதான் முதலில் பேசினாள். "நல்லவேளை கண்ணு, இவரு கல்லை எண்ணறதோட விட்டாரு" என்றாள் அவரிடம். மூன்று பேரும் சிரித்தோம். எனக்கு மட்டும் கண்ணில் நீர் நிற்கவில்லை.

அன்று படையலில் வடை இல்லை. "மாமனாரு கோவிச்சுக்க மாட்டாருங்க" என்று சொல்லிவிட்டு, சோறும் பருப்பும் வாழைப்பழமும் வைத்துக் கும்பிட்டாள். அந்தப் பெண்மணியை எங்களோடு சாப்பிடச் சொன்னோம். வேறு வேலை இருக்கிறது என்று மோர் மட்டும் வாங்கிக் குடித்துவிட்டுக் கிளம்பினார். கிளம்பும் முன் கிரைண்டரின் பிளக்கை வயரோடு வெட்டி எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டார். "நீங்க மறந்து போட்டுருவீங்க, அதுக்குத்தான்."

மறுநாள் கல்லைப் பெயர்த்துப் பார்த்தால் குழிக்குள் மண் சாம்பல் போல உலர்ந்து கிடந்தது. எர்த் கம்பி துருவேறி, கல் பதிக்க இடித்தபோதே அறுந்திருந்தது. புதுக் குழி எடுத்து, கரியும் உப்பும் போட்டு, புதுக் கம்பி இறக்கினோம். கசிவு வந்தால் தானே மின்சாரத்தை நிறுத்தும் சுவிட்சும் மாட்டினோம். அதன்பின் எழுத்து ஒரு தடவைகூட நடுங்கவில்லை. மனைவியின் விரல் குத்தலும் பதினைந்து நாளில் நின்றுவிட்டது.

ஒன்று மட்டும் எனக்கு இன்னும் விளங்கவில்லை. என் நோட்டில் இருந்த பதினோரு பதிவுகளில் பத்து, இட்லிக்கு அவள் மாவாட்டும் செவ்வாய், வெள்ளியோடு பொருந்துகிறது. முதல் பதிவு பொருந்தவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு வீட்டில் நான் மட்டும்தான் இருந்தேன். கிரைண்டர் ஓடவில்லை. அந்தப் பெண்மணியைக் கேட்டேன். "பக்கத்துப் பட்டறையில ஏதாவது ஓடியிருக்குமுங்க" என்றார். பட்டறை பூட்டியிருந்தது என்றேன். "அது நடுங்காம இருந்திருந்தா நீங்க என்னையக் கூப்பிட்டிருக்கவே மாட்டீங்க சார், விடுங்க" என்றார். நானும் விட்டுவிட்டேன். ஆனால் அந்த ஐந்தாவது பெயர் யாருடையது என்று எனக்கு ஞாபகம் இருக்கிறது. நூல் சுற்றும் பிரிவில் என் மனைவிக்குப் பக்கத்து இயந்திரத்தில் நின்றவள்.

அவ்வருடக் கூட்டத்தில் 61 பெயர்களையும் நான்தான் வாசித்தேன். அந்தப் பெயர் வந்தபோது கொஞ்சம் நிறுத்தினேன். 118 என் பக்கத்தில், ரப்பர் செருப்போடு நின்றுகொண்டிருந்தாள்.

இப்போது ஒவ்வொரு செவ்வாயும் வெள்ளியும் எர்த் குழிக்கு இரண்டு வாளி தண்ணீர் ஊற்றுகிறேன். முற்றத்தில் எட்டுக் கற்கள் போய்விட்டன, நான்கு பாதியாக வெட்டப்பட்டன. மிச்சம் 1,128 முழுக் கற்களும் நான்கு அரைக் கற்களும். கணக்குச் சரியாக வந்தது என்று நான் நிம்மதியாக மூச்சு விட்ட எத்தனையோ காலை வேளைகளில், அந்தக் கணக்குக்குள் வராத ஒரு கை ஈரத்தோடு நீண்டுகொண்டிருந்ததை நினைக்கும்போது, இன்றும் என் விரல் நுனிதான் சுருக்கென்கிறது.